ஏழேகால் வண்டி ஏன் நின்றது

முதலில் அந்தச் சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன், கலைவாணி அக்கா. அதைச் சொல்லாமல், நேற்று உங்களை வாசலிலேயே நிறுத்தி ஏன் திருப்பி அனுப்பினேன் என்பதைச் சொல்ல முடியாது.

இருட்டிய பிறகுதான் வரும். முதலில் ‘உஸ்ஸ்ஸ்’ என்று ஒரு பெருமூச்சு. மனுஷ மூச்சு இல்லை, மாட்டு மூச்சும் இல்லை. ஒரு வீடே மூச்சு விட்டால் எப்படி இருக்கும், அப்படி. பிறகு அடித்தொண்டையில் ஒரு முனகல், விடாமல், ஜன்னல் கண்ணாடி அதிர்கிற மாதிரி. இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆரோனுக்கு அப்போது மூன்று மாதம் முடிந்து நாலு நாள். சத்தம் கேட்டதும் அவன் வாயை எடுத்துவிட்டான். நான் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே, ஒரு தெரு அகலம்தான் இருக்கும், ஒரு ரயில் பெட்டி நிறைய ஜனம். வெள்ளை வெளிச்சத்தில் நின்றுகொண்டும் உட்கார்ந்துகொண்டும். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு.

அதில் நீங்களும் இருந்தீர்கள். அது பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு ஒரு முகமும் தெரியவில்லை, கண்கள் மட்டும்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் ஓடினேன். வண்டி போகிற வரைக்கும் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சிரிக்காதீர்கள் அக்கா. நான் தனியாக இருந்தேன்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம். தூத்துக்குடிப் பெண், கான்வென்டில் படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும், கைப்பிள்ளைக்காரி. அவ்வளவுதான் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் வின்ஸ்டன் என்ன வேலை பார்க்கிறார் என்று அன்றைக்கு நீங்கள் கேட்டபோது, “டூட்டிக்குப் போயிருக்கார்” என்று மட்டும் சொன்னேன். மறைக்கவேண்டும் என்று மறைக்கவில்லை. நீங்கள் வண்டி ஓட்டுகிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது, அவர் மெட்ரோ ஓட்டுகிறவர் என்று?

ஓட்டினவர் என்று எழுதவேண்டும். பதினொரு நாளாக அவர் வண்டியில் ஏறவில்லை.

பொறுங்கள், வரிசையாகச் சொல்கிறேன். இல்லாவிட்டால் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்துவிடும்.

எட்டு வருஷம் நான் போர்டிங்கில் இருந்தவள். அறுபது பெண்கள், ஒரே ஹால், இரண்டு வரிசைக் கட்டில். ராத்திரி ஜெபம் முடிந்ததும் சிஸ்டர் ஃபிலோமினா பெரிய கதவைச் சாத்தி இரும்புத் தாழ்ப்பாளை இழுப்பார். ‘கிரீச்... டக்’. அந்த ‘டக்’ கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். அம்மா தாலாட்டுப் பாடித் தூங்கின பிள்ளைகள் உண்டு. நான் தாழ்ப்பாள் சத்தத்தில் தூங்கினவள். கல்யாணமாகி மாமியார் வீட்டில் இருந்த வரைக்கும் மாமனார் போடுகிற தாழ்ப்பாள் இருந்தது. பிரசவத்துக்குப் போன இடத்தில் அப்பா போடுகிற தாழ்ப்பாள். இங்கே வந்த பிறகுதான் தாழ்ப்பாள் இல்லை.

இல்லாமல் இல்லை, இருக்கிறது. கதவில் இருக்கிறது. நிலைச்சட்டத்தில் அது போய் விழவேண்டிய ஓட்டையும் இருக்கிறது. ஆனால் மழையில் கதவு ஊதிவிட்டது. கம்பிக்கும் ஓட்டைக்கும் இரண்டு நூல் விலகல். கையால் அழுத்தியும் பார்த்தேன், காலால் உதைத்தும் பார்த்தேன். கம்பி சட்டத்தில் இடித்து நிற்கும், உள்ளே போகாது. வீட்டுக்காரரிடம், அதாவது வாடகைக்கு விட்டவரிடம் சொன்னால், “வெயில் காலம் வரட்டும்மா, மரம் சுருங்கித் தானா சரியாயிடும்” என்கிறார். இவரிடம் சொன்னால், “ஞாயித்துக்கிழமை ஒரு அரம் வாங்கி ராவி விடுதேன்” என்பார். ஞாயிறு பூராவும் இவருக்கு டூட்டி விழும். தச்சரைக் கூப்பிடலாம்தான். தெரியாத ஆள் வீட்டுக்குள் வந்து ஒரு மணி நேரம் இருப்பான், நான் மட்டும் பிள்ளையோடு இருப்பேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஆக, கதவுக்கு இழுத்தால் பூட்டிக்கொள்கிற பூட்டு ஒன்றுதான். வெளியிலிருந்து சாவி போட்டால் திறக்கும். சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது? இதற்கு முன் இருந்தவர்கள் எத்தனை சாவி செய்து வைத்திருந்தார்கள்? யாருக்குத் தெரியும்?

ஒரு புதன்கிழமை. மணி ஆறே முக்கால். கதவில் ஒரு சாவி நுழைந்தது. நான் பார்த்தேன் அக்கா, கேட்டது மட்டுமில்லை, பூட்டின் குமிழ் பாதி திரும்பியதைப் பார்த்தேன். பிறகு நின்றது. சாவியை உருவி எடுத்தார்கள். படியில் செருப்புச் சத்தம், மேலே போனதா கீழே போனதா சொல்லத் தெரியவில்லை. மேல் வீட்டுக்காரர் மாடி தப்பி வந்திருப்பார் என்று இவர் சொன்னார். இருக்கலாம். இந்தக் கட்டிடத்தில் எல்லாக் கதவும் ஒரே காப்பி நிறம். ஆனால் மேல் வீட்டுக்காரரைக் கேட்டதற்கு, “நானா? இல்லியே” என்றார்.

அன்றைக்குத்தான் நான் பிள்ளையின் தலைமேல் இவர் கையை வைத்துச் சத்தியம் வாங்கினேன். கடைசி ஸ்டேஷனுக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஃபோன் பண்ணவேண்டும். மதிய ஷிஃப்டில் மூன்று தடவை வருவார். ஐந்தரை, ஏழு பத்து, ஒன்பது. மூன்று தடவை, இரண்டிரண்டு நிமிஷம். அது ஒரு பெரிய காரியமா?

“டூட்டில ஃபோன ஆன் பண்ணவே கூடாது ஏட்டி,” என்றார்.

“ஓட்டும்போது வேண்டாம். இறங்கி நடக்குறப்ப பண்ணுங்க.”

“நடக்குறதும் டூட்டிதான்.”

பிள்ளையைப் பார்த்தேன், அவ்வளவுதான். பார்க்கிற விதமாகப் பார்த்திருப்பேன்போல. அடுத்த நாள் ஐந்தரைக்கு ஃபோன் வந்துவிட்டது.

“வந்துட்டம்லா. பய என்ன செய்யுதான்?”

“தூங்குறான். கதவுப் பக்கம் சத்தம் கேட்குது.”

“காத்தா இருக்கும். நாற்காலிய கதவோட நகட்டி வச்சியா?”

“வச்சேன்.”

“சரி, வைக்கட்டா?”

“ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லிட்டு வைங்க.”

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒன்று. நான் பாதி சொல்வேன், அவர் மீதியைச் சொல்வார். நடக்கிற மூச்சு கேட்கும், அவர் சாவிக் கொத்து கிலுகிலுக்கும். முடிந்ததும் நெஞ்சு கொஞ்சம் இறங்கும். இரண்டாம் வாரம் மூன்று ஆயிற்று. மூன்று என்பது நல்ல எண். அப்புறம் ஏழு பத்து ஃபோனில் மட்டும், அந்த நேரம்தான் எனக்கு மோசமான நேரம், ஜெபமாலையில் ஒரு பத்து, அதாவது பத்து மங்கள வார்த்தை. ஒரே ஒரு பத்து. முழு மாலை கேட்கவில்லை. வேகமாகச் சொன்னால் மூன்று நிமிஷம்தான் ஆகும். நான் வேகமாகச் சொல்கிறவள் இல்லை. ஜெபத்தை விழுங்கக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பத்தில் ஏழோ எட்டோ சொல்லிக்கொண்டிருக்கும்போது சரியாக அந்தச் சத்தம் வரும். ‘உஸ்ஸ்ஸ்’. வண்டி வந்து ஜன்னலுக்கு வெளியே நிற்கும். அந்த முனகல். அந்த வெளிச்சம் ஜன்னலில் நான் தொங்கவிட்ட பெட்ஷீட்டைத் தாண்டி உள்ளே விழும். நான் ஜெபத்தைப் பாதியில் விட்டுவிடுவேன். “என்னங்க, வந்து நிக்குது, வைக்காதீங்க, அது போற வரைக்கும் வைக்காதீங்க” என்பேன். அவர் வைக்கமாட்டார். ஒருநாள்கூட முதலில் வைத்ததில்லை. “சரி, சொல்லு. இன்னொரு தடவ சொல்லுவோம்” என்பார். குரல் ஒரு மாதிரி அவசரமாக இருக்கும். எனக்காகப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

பயத்தை எழுதி வைத்தால் பாதியாகும் என்று சிஸ்டர் ஃபிலோமினா சொல்வார். அதனால் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். தேதி, கிழமை, வண்டி எத்தனை மணிக்கு வந்து நின்றது, எத்தனை மணிக்குப் போனது. செவ்வாய், ஏழு பதினாறு முதல் ஏழு இருபத்தொன்று. வியாழன், ஏழு பதினாறு முதல் ஏழு இருபத்திரண்டு. அவர் காலை ஷிஃப்ட் போகிற வாரங்களில் நோட்டில் ஒன்றுமே இல்லை. சாயங்காலம் அவர் வீட்டில் இருப்பார், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உலாத்துவார், நான் சமைப்பேன். வண்டி வந்தது போனது எதுவும் காதில் விழாது. பக்கத்தில் ஆள் இருந்தால் சத்தம்கூடக் கேட்காது பாருங்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். சனிக்கிழமை, மாலை நாலு மணி. கதவு தட்டியதும் நான் திறக்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? “யாரு” என்று உள்ளே இருந்தே பத்துத் தடவை கேட்டேன். வெளியே இருந்து உங்கள் நிலாக்குட்டி குரல்: “பாப்பா வீடு இதுதானாம்மா?” சின்னப் பிள்ளை குரல் கேட்டதால்தான் திறந்தேன்.

உங்கள் கையில் மடித்த பழைய திரைத்துணி. “கோவிச்சுக்காதம்மா. மூணாவது பெட்டியில் வர்ற ஆள் நான். ஜன்னலை எண்ணிப் பார்த்து வந்தேன். நீ பெட்ஷீட் தொங்க விட்டிருக்கியே, உள்ளே லைட் போட்டா நிழல் அப்படியே தெரியுது. இது தடிமன் துணி, இதைப் போடு” என்றீர்கள். நான் வெட்கத்தில் நின்றேன். நீங்களே ஸ்டூலில் ஏறிக் கட்டினீர்கள். கட்டிக்கொண்டே சொன்னீர்கள்: “நீ தோள்ல போட்டு முதுகைத் தட்டுற, வண்டி நிக்குது. எங்க பெட்டியில ஒருத்தர் சொல்றாரு, ‘அந்தப் பாப்பாவுக்கு ஏப்பம் வந்தாத்தான் சிக்னல் போடுவாங்க’ன்னு. நேத்து அவன் ஏப்பம் விட்டானோ இல்லியோ, வண்டி எடுத்துட்டான். ஒரு பெட்டி ஜனமே கைதட்டிச்சு!”

எத்தனை நாளைக்குப் பிறகு சிரித்தேன் தெரியுமா?

காப்பி குடிக்கும்போதுதான் உங்கள் கதையைச் சொன்னீர்கள். நிலா இருக்கிற டே கேர் ஏழரைக்கு மூடுவது. ஐந்து நிமிஷம் தாமதமானாலும் அந்தம்மா பிள்ளையைச் செருப்பு மாட்டிவிட்டு, பையைத் தோளில் போட்டு, கேட்டுக்கு வெளியே படியில் உட்கார வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போய்விடுவது. “நாலு வயசு. இருட்டுல. நான் ஓடி வர்றப்போ படியில உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கிட்டு இருக்கா. பயமா இருந்தா பாடணும்னு அவளே கண்டுபிடிச்சு வச்சிருக்கா,” என்றீர்கள். “ஸ்டேஷன் தெரியுது. பிளாட்பாரம் தெரியுது. இறங்கி நடந்தாக்கூடப் போயிடலாம். கதவைத் திறக்க மாட்டான். அங்க என் பொண்ணு படியில. இங்க நான் அந்தரத்துல. என்ன பண்ணிக்கிட்டு இருக்கான் முன்னால போன வண்டிக்காரன்? டீ குடிக்கிறானா?”

முன்னால் போன வண்டிக்காரன். அந்த வார்த்தை என் காதில் விழுந்தது அக்கா. விழுந்துவிட்டு அப்படியே வெளியே போய்விட்டது.

நீங்கள் கேட்கக்கூட இல்லை. நான்தான் சொன்னேன், “எழுதிக் குடுங்கக்கா. வாயால சொன்னா யார் கேட்கிறா? தேதி போட்டு எழுதணும்” என்று. உங்களுக்கு மனுவெல்லாம் எழுத வராது, பெட்டியில் இருப்பவர்கள் எல்லாம் கையெழுத்துப் போடத் தயார், எழுதத்தான் ஆள் இல்லை என்றீர்கள். அப்போது எனக்குள் என்னவோ நிமிர்ந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் யாரும் என் படிப்பைக் கேட்டதில்லை. நல்ல தாள் எடுத்தேன், மை பேனா எடுத்தேன். கீழே கையொப்பமிட்டுள்ள தினசரிப் பயணிகளாகிய நாங்கள் என்று ஆரம்பித்து, மூன்று பத்தி, ஒரு அடித்தல் இல்லை. நோட்டைப் பார்த்து ஒன்பது தேதி, ஒன்பது நேரம். ‘ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இவ்வாறு நேர்வதன் காரணம் எங்களுக்கு விளங்கவில்லை’ என்று ஒரு வரி. அந்த வரியை நீங்கள் ரொம்பப் பாராட்டினீர்கள். “வக்கீல் மாதிரி எழுதுறியேம்மா!”

பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டீர்கள் என்று பிறகு சொன்னீர்கள்.

அவரிடம் நான் சொல்லவில்லை. வண்டி நிற்பது நின்ற பிறகு, “பாத்தீங்களா, யார் எழுதினது தெரியுமா?” என்று சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

அடுத்த மதிய ஷிஃப்ட் வாரம், திங்கட்கிழமை. இரண்டு மணிக்குப் போனவர் நாலு மணிக்கே சாவி போட்டுத் திறந்து உள்ளே வந்தார். நான் கத்திவிட்டேன். அவர் ஷூவைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். “விசாரணை முடியுற வரைக்கும் வண்டி தரமாட்டாங்க. ஒரு புகார் வந்திருக்கு” என்றார்.

“என்ன புகார்?”

“நான் லேட் பண்ணுதேன்னு.”

நான் சண்டைக்குப் போனேன் அக்கா. யார் மேல் என்று தெரியாமலே போனேன். “நீங்களா லேட் பண்றீங்க? பின்னால வர்ற வண்டிதானே தினமும் இங்க வந்து நிக்குது, அவனைக் கேட்க வேண்டியதுதானே!” என்றேன்.

அவர் தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் பவுடர் டப்பாவையும் கிரைப் வாட்டர் பாட்டிலையும் எடுத்து வைத்தார். டைல்ஸ் கோடுதான் பாதை. சுவர்தான் கடைசி ஸ்டேஷன்.

“பவுடர் டப்பா நான். உள்ள வந்துட்டேன். இதுக்கு மேல பாதை கிடையாது. வந்த வழிதான் திரும்பணும். அப்போ இந்த முனைய பூட்டி, சாவிய எடுத்து, நாலு பெட்டியும் நடந்து, அந்த முனையில ஏறணும். எல்லாத்துக்கும் சேத்து நாலு நிமிஷம் குடுத்திருக்கான். ஏழு பத்துக்கு வந்தா ஏழு பதினாலுக்கு எடுக்கணும். நான் எடுத்தாத்தான் ஏழேகால் வண்டி உள்ள வரமுடியும்.”

“பக்கத்துல இன்னொரு பிளாட்பாரம் இருக்கே?”

“அதுல மாத்து வண்டி நிக்கும். எப்பவும் நிக்கும்.” கிரைப் வாட்டர் பாட்டிலை மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தார். “கடைசில சுவரு இருக்கிறதால எல்லா வண்டியும் ஊந்துதான் வரும். சில நாள் அரை நிமிஷம் நிக்கும். அது சகஜம். ஆனா நான் உள்ள நிக்க நிக்க, இது வெளிய நிக்கும்.”

“எங்க நிக்கும்?”

அவர் பாட்டிலை வைத்தார். எந்த இடம் என்று சொல்லவேண்டிய தேவையில்லை. ஜன்னலுக்கு நேர் கீழே வைத்திருந்தார்.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு பதினாறு முதல் ஏழு இருபத்தொன்று. ஏழோ எட்டோ சொல்லும்போது வருகிற ‘உஸ்ஸ்ஸ்’. “வைக்காதீங்க, அது போற வரைக்கும் வைக்காதீங்க.” நான் வைக்காத வரைக்கும் அது போகாது. அது போகாத வரைக்கும் நான் வைக்கமாட்டேன். அவர் அந்த முனையில் கதவைப் பிடித்துக்கொண்டு, ஏறவும் முடியாமல், வைக்கவும் முடியாமல், இன்னொரு தடவை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

“உங்களுக்குத் தெரியுமா? அப்பவே?”

“தெரியாமயா?”

“ஏன் சொல்லலை?”

“சொன்னா நீ ஃபோன வச்சிருவ. வச்சிட்டு குளியலறையில போய் உக்காருவ,” என்றார். பாட்டிலையும் டப்பாவையும் எடுத்து அலமாரியில் வைத்தார்.

நான் அப்போதே சொல்லியிருக்கவேண்டும். புகார் எழுதினது நான்தான் என்று. வாயைத் திறந்தேன். பிள்ளை அழுதான். அது ஒரு சாக்கு. அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் அவர் காலையில் எழுந்து, போகிற இடம் இல்லாமல், யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டு மாட்டி வைத்தார். எப்படிச் சொல்வது? பதினொரு நாள் இப்படியே போய்விட்டது.

அதனால்தான் அக்கா நேற்று. சாயங்காலம் பாதிப் படியில் இருந்தே, “ஜெசிந்தா! உன் லெட்டர் வேலை செஞ்சிடுச்சும்மா! பத்து நாளா வண்டி ஒரு நிமிஷம் நிக்கல! நிலா ஏழரைக்குள்ள என் கையைப் பிடிச்சுக்கிட்டு வர்றா!” என்று நீங்கள் சொன்னபோது, அவர் உள் அறையில் பிள்ளையோடு உலாத்திக்கொண்டிருந்தார். நான் கதவைப் பாதி சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். மைசூர்பாகு டப்பாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, “குழந்தை தூங்குறான், அப்புறம் வாங்கக்கா” என்றேன். உள்ளே பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தான். உங்கள் முகம் போன போக்கை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. நிலா என் சேலையைப் பிடித்து, “பாப்பா முழிச்சிட்டான் ஆன்ட்டி” என்றாள். அதைக்கூடக் கேட்காத மாதிரி கதவைச் சாத்தினேன்.

“யாரு?” என்று இவர் கேட்டார்.

“மேல் வீட்டு அக்கா.”

ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். “நல்லாருக்கு. நெய் நல்லா போட்டிருக்காங்க,” என்றார். எனக்கு அந்த டப்பாவைத் தூக்கி எறியலாம்போல இருந்தது. எறியவில்லை. நானும் ஒன்று தின்றேன்.

புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்தது சரி. ஜெபமாலையின் ஒரு பத்துக்காக உங்கள் பிள்ளை படியில் உட்கார்ந்து பாடியிருக்கிறாள். என் பிள்ளை என் மடியில் இருந்தான். நாளைக்குப் பதினொரு மணிக்கு விசாரணை. ஆபீஸ் கட்டிடத்தில் இரண்டாவது மாடி. பொதுஜனம் யாராவது வந்து சொல்வது என்றால் பத்தரைக்கே பெயர் கொடுக்கவேண்டுமாம். இதைச் சும்மா தகவலுக்காகச் சொல்கிறேன். இரண்டாவது மாடி.

எதற்காக எழுதுகிறேன் என்றால், இதை உங்களிடம் சொல்லிவிட்டால் அவரிடம் சொல்கிற தைரியம் வரும் என்று நினைத்தேன். முதலில் எழுதிப் பார்க்கிறேன், அப்புறம் சொல்கிறேன். நாளை அந்த மேஜையில் அந்தக் கடிதத்தை அவர் முன்னால் வைப்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் நான் எழுதின நாற்பத்திரண்டு கடிதத்தையும் அவர் பெட்டியில் வைத்திருக்கிறார், அக்கா. என் எழுத்து அவருக்குத் தெரியாதா? ஊரார் முன்னால் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு முன்...

இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். மீதியை இப்போது வந்து எழுதுகிறேன்.

சமையலறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது ஹாலில் ஒரு சத்தம். கரக், கரக் என்று, இரும்பை இரும்பு தின்கிற மாதிரி. கையிலிருந்த பேனா விழுந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். இவர்தான். கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, ஸ்டூல் மேல் நின்று, நிலைச்சட்டத்து ஓட்டையைச் சுற்றியிருந்த இரும்புத் தகட்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். பிள்ளை பாயில் விழித்தபடி படுத்து, அரம் போய்வருவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அரம் ஏது?”

“மேல் வீட்டுல வாங்கினேன்.” திரும்பாமலே சொன்னார். “சும்மாதான இருக்கேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் என்னத்துக்குக் காத்திருக்கணும்?”

மேல் வீடு என்றதும் நேற்று நான் சொன்ன பொய் நினைவுக்கு வந்தது. அங்கே அக்கா என்று யாரும் கிடையாது. அவர் தனி ஆள். அதை இவர் இன்றைக்குப் பார்த்திருப்பார். இரும்புத் தூள் அவர் முழங்கையில் படிந்திருந்தது. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். ஆடாமல் இருக்கத்தான் பிடித்தேன், ஸ்டூல் ஆடவில்லை.

“என்னங்க. நாளைக்கு அவங்க ஏன்னு கேட்டா என்ன சொல்வீங்க?”

“என்ன சொல்ல? நடக்க நேரமாயிட்டுன்னு சொல்லுவேன். கால்வலின்னு சொல்லுவேன்.”

“நான் ஒரு லெட்டர் எழுதித் தரட்டுமா? என்னாலதான்னு. பொண்டாட்டி பயந்தவ, அவதான் பிடிச்சு நிறுத்தி வச்சான்னு. விவரமா, தேதி போட்டு...”

அரம் இரண்டு தடவை போய் வந்தது.

“வேண்டாம் ஏட்டி,” என்றார். “ரெண்டும் ஒரே கையெழுத்துன்னு கண்டுபிடிச்சிருவானுவ.”

நான் ஸ்டூலை விடவில்லை.

“எப்போ பாத்தீங்க?”

“மெமோ குடுத்த அன்னைக்கே. ஆபீசர் மேஜையில விரிச்சுக் காட்டுனாரு. ‘யாரோ படிச்ச பொம்பள எழுதியிருக்கு, ஒரு அடித்தல் இல்ல பாத்தியா’ன்னாரு. ஆமா சார்னேன்.” தகட்டில் வாயால் ஊதினார். தூள் பறந்தது. “நேரமெல்லாம் சரியாத்தான் எழுதியிருந்த. ஒரு நிமிஷம்கூடத் தப்பு இல்ல.”

பதினொரு நாள், அக்கா. நான் எப்படிச் சொல்வது என்று பதினொரு நாள் செத்துக்கொண்டிருந்தேன். அவர் பதினொரு நாளும் தெரிந்துகொண்டே என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். நீங்கள் கொண்டுவந்த மைசூர்பாகைச் சாப்பிட்டு, நெய் நல்லா போட்டிருக்காங்க என்று சொல்லியிருக்கிறார். இது அன்பா, இல்லை வேறு என்னவோவா? எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அவர் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வெளியே ஒரு வண்டி வந்தது. மூன்று பேரும் அசையாமல் கேட்டோம். பிள்ளைகூட. நிற்கவில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டு, ஜன்னலைத் தாண்டி, ஊர்ந்து ஸ்டேஷனுக்குள் போய்விட்டது. உள்ளே யாரோ சரியான நேரத்துக்கு நடந்து போய் ஏறியிருக்கிறார்கள்.

இவர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். கதவைச் சாத்தி, தோளால் ஒரு இடி இடித்துப் பார்த்தார். அரத்தைத் துணியில் சுற்றினார்.

“போட்டுப் பாரு,” என்றார்.

நான் தாழ்ப்பாளைத் தள்ளினேன். ‘கிரீச்’ என்று நகர்ந்து, சட்டத்துக்குப் பக்கத்தில் வந்து, இடிக்காமல் உள்ளே போய், ‘டக்’ என்று விழுந்தது.